‘விண்டர் கார்டன்’: அம்மாவின் கதையில் காணாமல் போன இரண்டு பெண்கள்

கிரிஸ்டின் ஹன்னா எழுதி 2010இல் வந்த ‘விண்டர் கார்டன்’ நாவலில், படித்து முடித்துப் பல மாதங்கள் ஆன பிறகும் என்னை விடாத ஒரு இடம் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார். எண்பது வயதை ஒட்டிய அம்மா விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பிக்கிறாள். கொட்டும் பனியில் மெல்லிய உடையோடு தோட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதத்தை உரிக்கிறாள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மூத்த மகள் மெரிடித்துக்கு இதற்கு மேல் முடியவில்லை. வேலை, பழத்தோட்ட நிர்வாகம், விலகிப் போய்க்கொண்டிருக்கும் கணவன், இதற்கெல்லாம் நடுவில் அம்மாவை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறாள். உலகம் சுற்றும் இளையவள் நீனா ஊருக்கு வருகிறாள், இதைக் கேட்டதும் கொதித்துப்போகிறாள், அம்மாவை அங்கிருந்து அழைத்து வந்துவிடுகிறாள்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். நானும் இளையவள்தான். அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. இரண்டு நாள் லீவில் போய் இறங்கி, மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, “இதை ஏன் இன்னும் கொடுக்கிறே?” என்று அவளைக் கேட்டவள் நான். ஆகவே இந்த நாவல் அந்த இரண்டு பெண்களையும் எங்கே கொண்டுபோகப் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது. அது அவர்களை எங்கேயும் கொண்டுபோகவில்லை. பாதி வழியில் இறக்கிவிட்டு அம்மாவோடு கிளம்பிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று, எந்த இடத்தில் வண்டி தடம் மாறியது என்று பார்ப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லாமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வெனாட்சி பள்ளத்தாக்கு ஆப்பிளுக்குப் பேர்போன இடம். அங்கே விட்சன் குடும்பத்துக்கு ஒரு ஆப்பிள் தோட்டம். அதன் பெயர் ‘பெல்யே நோச்சி’. ரஷ்ய மொழியில் வெண்ணிரவுகள் என்று பொருள். ஜூன் மாதத்தில் முழுதாக இருட்டாத இரவுகளுக்கு லெனின்கிராட்காரர்கள் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வைத்திருக்கும் பெயர் அது. அப்பா ஈவன் அன்பே உருவானவர். அம்மா ஆன்யா ரஷ்யாவிலிருந்து வந்தவள், உறைந்துபோனவள். பெண்களைத் தொடுவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குடியானவப் பெண்ணையும் ஒரு இளவரசனையும் பற்றிய தேவதைக் கதையை மட்டும் சொல்வாள். 1972இல், சிறுமியாக இருக்கும் மெரிடித் அந்தக் கதையைக் கிறிஸ்துமஸ் நாடகமாக நடித்துக்காட்டுகிறாள். அம்மா பாதியில் எழுந்து நிறுத்தச் சொல்கிறாள். அத்தோடு மெரிடித் அந்தக் கதைக்கும் அம்மாவுக்கும் கதவைச் சாத்திவிடுகிறாள்.

அடுத்து நாவல் நேராக 2000க்கு வந்துவிடுகிறது. மெரிடித் தோட்டத்தை நடத்துகிறாள். நீனா போரும் பஞ்சமும் நடக்கும் இடங்களுக்கெல்லாம் போகிற புகைப்படக்காரி. மரணப் படுக்கையில் அப்பா ஒரு சத்தியம் வாங்குகிறார். அம்மா அந்தக் கதையை இந்த முறை கடைசிவரை சொல்ல வேண்டும், பெண்கள் கேட்க வேண்டும். கதை நகர நகர, குடியானவப் பெண் வேறு யாருமில்லை, அம்மாவேதான் என்று தெரிகிறது. அவளுடைய உண்மைப் பெயர் வேரா. கதையில் வரும் கறுப்பு வீரன் ஸ்டாலின். பனி ராஜ்ஜியம் லெனின்கிராட். அவளுக்கு சாஷா என்று ஒரு கணவன், லியோ, ஆன்யா என்று இரண்டு குழந்தைகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை லெனின்கிராடை வளைத்துப் பட்டினி போட்ட முற்றுகையில் லியோ செத்துப்போனான். வோலோக்டா ரயில் நிலையத்தில் சாஷாவும் சிறுமி ஆன்யாவும் குண்டுக்குப் பலியானதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வேரா நம்புகிறாள். பிறகு ஜெர்மன் முகாம், அங்கே அவளைக் கண்டெடுத்த அமெரிக்கச் சிப்பாய் ஈவன், இந்த வாழ்க்கை. இறந்த மகளின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் மூவரும் அலாஸ்காவுக்குக் கப்பலில் போகிறார்கள். சிட்கா என்ற சிற்றூரில் தற்செயலாக ஒரு பெண்ணைச் சந்திக்கிறார்கள். அவள்தான் அந்த ஆன்யா. சாகவில்லை. சாஷாவும் அன்று சாகவில்லை. சமீபத்தில்தான் இறந்திருக்கிறான்.

முதல் பாதி: எடுத்த காரியம்

ஏமாற்றத்தைப் பற்றி எழுதும்போது முதலில் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும். இந்த நாவலின் முதல் பாதி நன்றாக இருக்கிறது. நடுவயதுச் சகோதரிகள் இருவர் ஒரே வீட்டில் மறுபடி அகப்பட்டுக்கொள்வதை ஹன்னா தெரிந்து எழுதுகிறார். சண்டை பெரிய விஷயத்தில் வருவதில்லை. யார் எப்போது போன் செய்தாள், யார் எடுக்கவில்லை, சமையலறையில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது, இதிலெல்லாம் வருகிறது. மெரிடித் பட்டியல் போட்டு வாழ்கிறவள். வேலையை நிறுத்தினால் எதையாவது உணர வேண்டியிருக்குமோ என்று பயந்து ஓடிக்கொண்டே இருக்கிறாள். நீனாவும் ஓடுகிறாள். அவள் கேமராவோடு ஓடுகிறாள், வேறு வித்தியாசம் இல்லை. அடுத்தவர்களின் துயரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் போவாள், சொந்த வீட்டின் துயரம் என்றால் விமானச் சீட்டு எடுத்துவிடுவாள். இது ஒரு ஆளை முழுதாகப் புரிந்துகொண்டு எழுதியது.

பராமரிப்பு இல்லக் காட்சி இதன் உச்சம். அதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெரிடித் மாதக்கணக்கில் தனியாகச் சுமந்தவள். ஆபத்து வந்துவிடும் என்ற பயத்தில்தான் அம்மாவைச் சேர்த்தாள். நீனாவோ இல்லத்தில் அம்மாவைப் பார்த்த மாத்திரத்தில், இங்கே இவளுக்கு இடமில்லை என்று கண்டுகொள்கிறாள். அவள் பார்த்தது சரிதான். ஆனால் அப்படிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் அதுவரை அவள் அங்கே இல்லை என்பதுதான். ஓய்ந்துபோன கண்ணுக்கும் புதிதாக வந்த கண்ணுக்கும் நடக்கிற இந்தச் சண்டை எத்தனை வீடுகளில் நடந்திருக்கும். அக்கா தங்கை கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. இதிலிருந்து ஒரு முழு நாவல் பிறந்திருக்கலாம்.

ஆனால் இந்தச் சண்டை நடந்து முடிந்த சிறிது நேரத்திலேயே, அது எதற்காக நடந்தது என்பதை நாவல் மறந்துவிடுகிறது. அம்மா இருட்டில் கதை சொல்ல உட்கார்ந்ததும் இரண்டு பெண்களும் கேட்கிறவர்களாக மாறிவிடுகிறார்கள். அப்புறம் அவர்களுக்கு ஒரே வேலை, “பிறகு என்ன ஆச்சு?” என்று கேட்பது. நாற்பதை ஒட்டிய இரண்டு பெண்கள், ஒருத்தியின் திருமணம் உடைந்துகொண்டிருக்கிறது, இன்னொருத்தி தன்னைக் காதலிப்பவனிடம் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறாள். இந்த இரண்டும் இரவுக் கதைகளுக்கு நடுவே பகலில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து போகின்றன. முதல் பாதியில் ரத்தமும் சதையுமாக இருந்தவர்கள் இரண்டாம் பாதியில் அம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார வைக்கப்பட்ட இரண்டு நாற்காலிகள் ஆகிவிடுகிறார்கள்.

தேவதைக் கதை என்ற உத்தி

அம்மா நேரடியாகச் சொல்ல முடியாததைத் தேவதைக் கதையாகச் சொல்வது நல்ல யோசனை. ஸ்டாலின் காலத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது பொருந்தவும் செய்கிறது. 1937, 38 ஆண்டுகளில் லெனின்கிராடில் கைது செய்ய ரகசியப் போலீஸ் வந்து கதவைத் தட்டாத தெரு இருந்திருக்காது. வேராவின் அப்பாவும் அப்படித்தான் போகிறார். பெயர் சொல்லாமல் பேசுவது அங்கே குழந்தைக்குக் கூடக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம்.

பிரச்சினை, இந்த முகமூடி வாசகருக்கு ரொம்ப சீக்கிரம் கழன்றுவிடுகிறது. நிலத்துக்கு வெண்ணிரவுகள் என்று பெயர், அம்மாவுக்கு ரஷ்யா, வயது எண்பது, சுவர்க் காகிதத்தை உரிக்கிறாள். லெனின்கிராட் முற்றுகையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவருக்குக் கூட இது போதும். அந்தக் காகிதத்தை ஒட்டியிருந்த மாவுப் பசையை அங்கே மக்கள் சுரண்டித் தின்றார்கள். ஆனால் மெரிடித்தும் நீனாவும் அதைக் கண்டுபிடிக்கப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. அதிலும் நீனா உலகத்துப் பஞ்சங்களை எல்லாம் நேரில் பார்த்தவள். பட்டினி கிடந்த மனிதர் எப்படி நடந்துகொள்வார் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுடைய தொழிலையும் அவளுடைய அம்மாவையும் இணைக்கக்கூடிய நூல் அங்கேயே கிடக்கிறது. அம்மா ரொட்டித் துண்டைப் பத்திரப்படுத்தும் ஒரு அசைவை ஏதோ ஒரு அகதி முகாமில் பார்த்த அசைவோடு அவள் பொருத்தியிருந்தால், கதையை அம்மா சொல்லாமலேயே மகள் படித்திருப்பாள். தன் சொந்தக் கண்ணால் கண்டுகொண்டிருப்பாள். அதற்கு அவளுக்கு இடமே கொடுக்கப்படவில்லை. ஒரு கதாபாத்திரத்தின் அறிவை ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகக் குறைத்து வைத்தால் அவள் பொம்மையாகிவிடுகிறாள்.

முற்றுகை

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: லெனின்கிராட் பக்கங்கள் வலிமையானவை. நிறைய வாசகர்கள் இந்த நாவலை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பக்கங்களுக்காகத்தான். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

1941 செப்டம்பர் 8ஆம் தேதி ஜெர்மன் படை தரைவழியை முழுவதுமாக அடைத்தது. முற்றுகை முற்றிலும் விலகியது 1944 ஜனவரி 27இல். 872 நாட்கள். முதல் நாளிலேயே பதாயேவ் உணவுக் கிடங்குகள் குண்டு விழுந்து எரிந்தன. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை குழந்தைகளுக்கும், அலுவலக ஊழியர்களுக்கும், வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருந்தவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. தொழிலாளர்களுக்கு 250 கிராம். அந்த ரொட்டியிலும் மாவோடு பிண்ணாக்கும் மரச்சத்தும் கலந்திருந்தன. தச்சர்கள் பயன்படுத்தும் விலங்குப் பசையை வாங்கிக் காய்ச்சி, ஆறவைத்துக் கட்டியாக்கித் தின்றார்கள். தோல் பெல்ட்டை வேகவைத்தார்கள். பிள்ளைகள் விளையாடும் பனிச்சறுக்கு வண்டியில் பிணத்தைக் கட்டி இழுத்துப் போனார்கள். உறைந்துபோன லடோகா ஏரி மேல் லாரிகள் ஓடிய பாதை ஒன்றுதான் வெளியே போகும் வழி. பிஸ்கார்யோவ்ஸ்கோயே கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஐந்து லட்சம் பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

வேரா இந்தக் குளிரில் ரொட்டி வரிசையில் நிற்பதையும், இரண்டு குழந்தைகளில் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதையும் ஹன்னா அலங்காரம் இல்லாமல் எழுதுகிறார். நோயில் கிடக்கும் மகனோடு இருப்பதற்காக மகளைத் தனியே ரயிலேற்றி அனுப்பும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பிள்ளையின் கையை விட வேண்டியிருந்த தாய். அவள் பிறகு பெற்ற இரண்டு பெண்களின் கையையும் ஏன் பிடிக்கவே இல்லை என்பதற்கு இது போதுமான காரணம். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் காரணம் தெரிவதால் கணக்குத் தீர்ந்துவிடுமா? இங்கேதான் நாவலும் நானும் பிரிகிறோம். அம்மா பட்டது எவ்வளவு பெரிது என்று தெரிந்த நொடியிலிருந்து மெரிடித், நீனா இருவருடைய கோபமும் செல்லாக் காசு ஆகிவிடுகிறது. 872 நாட்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் நாடகம் எம்மாத்திரம்? தராசில் வைத்தால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் குடும்பத்துக்குள் துயரம் தராசில் நிறுக்கப்படுவதில்லை. தொடாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைக்குத் தொடாமல் வளர்க்கப்பட்டதுதான் வலி. அம்மாவின் பட்டினி அந்த வலிக்கு விளக்கம் கொடுக்கும், வலியை எடுத்துவிடாது. மெரிடித்துக்கு அம்மாவைப் புரிகிறது, அம்மாவுக்காக அழுகிறாள். ஆனால் புரிந்த பிறகும் மிச்சமிருக்கும் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இந்தக் கதையின் மிகக் கடினமான கேள்வி. அது கேட்கப்படவே இல்லை.

மௌனம் யாருடையது

இன்னொரு குறை, வரலாறு தொடர்பானது. வேராவின் மௌனத்தை நாவல் முழுக்க முழுக்க அவளுடைய மனக்காயமாக மட்டும் வைக்கிறது. நடந்ததைப் பார்த்தால் லெனின்கிராடைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் ஏற்பாடாகவும் இருந்தது. முற்றுகைக் காலம் முழுவதும் நகரத்து வானொலியில் பேசி மக்களைத் தாங்கிய கவிஞர் ஓல்கா பெர்கோல்ட்ஸ், 1942இல் மாஸ்கோ போனபோது, அங்கே நகரத்தின் பட்டினியைப் பற்றி உண்மை பேச விடுவதில்லை என்று தன் நாட்குறிப்பில் குமுறினார். போர் முடியும் முன்பே நகரத்தில் தொடங்கிய முற்றுகைக் கண்காட்சி ஒரு அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1949இல் அதை இழுத்து மூடினார்கள், அதன் இயக்குநரைக் கைது செய்தார்கள். முற்றுகையில் நகரத்தை நடத்திய தலைவர்கள் சிலர் 1950இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த அருங்காட்சியகம் மறுபடி திறக்க 1989 ஆயிற்று.

போர் முடிந்ததும் மேற்கில் அகப்பட்டிருந்த சோவியத் மக்களைத் திருப்பி அனுப்ப 1945இல் யால்டாவில் ஒப்பந்தம் போட்டார்கள். போக மாட்டேன் என்று அழுதவர்களையும் அனுப்பினார்கள். ஜெர்மன் முகாமில் இருந்துவிட்டு வந்தவள் என்றாலே சந்தேகம். 1947இல் வெளிநாட்டவரை மணக்கவே சோவியத் ஒன்றியம் தடை போட்டது. ஆக, பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கச் சிப்பாயோடு வெனாட்சிக்கு வந்த ஒரு பெண் தூக்கத்தில் கூட உளறாமல் இருக்கப் பழகியிருப்பாள். ஊரில் யாராவது மிச்சம் இருந்தால் தன்னால் அவர்களுக்கு ஆபத்து என்ற பயம் இருந்திருக்கும். பனிப்போர்க் கால அமெரிக்கச் சிற்றூரில் ரஷ்ய மனைவி என்பதே சங்கடம். இந்தப் பயங்கள் நாவலுக்குள் வந்திருந்தால் அம்மாவின் மௌனம் ஒரு மனுஷியின் உறைவு என்பதைத் தாண்டிப் போயிருக்கும். அக்கா தங்கை வளர்ந்த வீடு எந்த மாதிரியான பயத்தின் மேல் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்கும். குடும்ப வரலாறு என்று சொல்லும்போது நாம் எதிர்பார்ப்பது அதைத்தானே. இங்கே வரலாறு அம்மாவின் மார்புக்குள் மட்டும் இருக்கிறது, அவள் சொல்லி முடித்ததும் தீர்ந்துவிடுகிறது.

சிட்கா

முடிவைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். தற்செயல் என்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. போரில் பிரிந்தவர்கள் ஆண்டுகள் கழித்துச் சந்தித்தது உண்மையில் நடந்திருக்கிறது. சிட்காவும் அர்த்தமில்லாத இடமில்லை. 1867இல் ரஷ்யா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை அமெரிக்காவிடம் விற்கும்வரை அந்தப் பகுதிக்கு அதுதான் தலைநகரம். வெங்காயக் குவிமாடத்தோடு ரஷ்யத் தேவாலயம் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது.

என் குறை, அந்தச் சந்திப்புக்கு நாவல் விலையே கொடுக்கவில்லை என்பது. செம்படையில் இருந்த ஒரு ஆள் சிறு பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஸ்டாலினின் நாட்டிலிருந்து அலாஸ்காவுக்கு வந்து சேர்வது சாதாரணக் காரியமா? தனி நாவல் எழுத வேண்டிய பயணம் அது. இங்கே போகிறபோக்கில் தாண்டிவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், உயிரோடு வந்த அந்த மகளுக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. தாயைத் தொலைத்துவிட்டுத் தகப்பனோடு மட்டும் வளர்ந்தவள். தன் பெயரைத் தாய் இத்தனை ஆண்டுகள் சுமந்தாள் என்பதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? தாய்க்கு வேறு இரண்டு பெண்கள் இருப்பதை? மெரிடித் அதுவரை மூத்தவள். மூத்தவள் என்பதால்தான் அத்தனையும் சுமந்தாள். ஒரே பிற்பகலில் அவள் நடுப்பெண் ஆகிவிடுகிறாள். அம்மா வாழ்நாள் முழுக்கத் தேடிய மகள் தான் இல்லை, இவள்தான் என்று நேருக்கு நேராகத் தெரிகிறது. இது எவ்வளவு பெரிய இடி! இந்த மூன்று சகோதரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து முதல் தடவை சாப்பிடுவதிலிருந்து புத்தகத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள், அழுகிறார்கள், அவ்வளவுதான். மெரிடித்தின் கணவனும் நீனாவின் காதலனும் கூட அவரவர் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அம்மாவின் கதை முடிந்ததால் மகளின் தாம்பத்தியம் ஏன் சரியாக வேண்டும்? ஒரு பூட்டைத் திறந்ததும் வீட்டில் உள்ள எல்லாப் பூட்டுகளும் திறந்துகொள்வது மாதிரி இருக்கிறது.

நடந்த ஒரு கதை

லெனின்கிராடில் உண்மையாகவே ஒரு சகோதரிகள் கதை நடந்தது. ரஷ்யாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வசீலியெவ்ஸ்கி தீவில் சாவிசேவ் குடும்பம் இருந்தது. கடைக்குட்டி தான்யா 1930இல் பிறந்தவள். அவளுக்கு ஷேன்யா, நீனா என்று வயது வந்த இரண்டு அக்காக்கள். நாவலின் தங்கைக்கும் நீனா என்றே பெயர், தற்செயலாக இருக்கலாம். பெரியவள் ஷேன்யா 1941 டிசம்பர் 28ஆம் தேதி பகலில் இறந்தாள். நீனா ஆலையில் வேலை செய்தவள், அவளிடம் ஒரு கைக்குறிப்புப் புத்தகம் இருந்தது. பாதியில் கொதிகலன் பற்றிய தொழில் குறிப்புகள், மறுபாதி அகரவரிசைப்படி பெயர் எழுதிக்கொள்ள விட்ட வெற்றுத் தாள்கள். அந்த வெற்றுத் தாள்களில்தான் தான்யா எழுதினாள். ஷேன்யாவின் முதல் எழுத்து உள்ள பக்கத்தில் அவள் இறந்த நாள், நேரம். பாட்டிக்கு உரிய எழுத்தில் பாட்டி. பிறகு அண்ணன், சித்தப்பா பெரியப்பா முறையில் இரண்டு பேர், கடைசியாக அம்மா, 1942 மே 13. அதற்குப் பிறகு மூன்று பக்கங்கள், சாவிசேவ்கள் இறந்தார்கள், எல்லோரும் இறந்தார்கள், தான்யா மட்டும் மிச்சம் என்று. மொத்தம் ஒன்பதே பக்கம்.

நீனாவின் பெயர் அதில் இல்லை. 1942 பிப்ரவரி கடைசியில் வேலைக்குப் போன நீனா வீடு திரும்பவில்லை. அவளையும் ஆலையில் உள்ளவர்களையும் லடோகா வழியாக அவசரமாக வெளியேற்றிவிட்டார்கள், சொல்லிக்கொள்ள நேரம் இல்லை. வீட்டில் அவள் செத்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனாலும் தான்யா அவளுக்கு ஒரு பக்கம் எழுதவில்லை. தான்யாவை அந்த ஆகஸ்டில் ஒரு அநாதை இல்லத்தோடு வெளியேற்றினார்கள். 1944 ஜூலை 1ஆம் தேதி காசநோயில் அவள் இறந்தாள். நீனா உயிரோடு இருந்தாள், கொரில்லாப் படையில் சேர்ந்திருந்த இன்னொரு அண்ணன் மிகயிலும் இருந்தான். நகரத்துக்குத் திரும்பி வந்த நீனா, அம்மாவின் கல்யாண முக்காட்டோடு ஒரு பெட்டியில் தன் பழைய குறிப்புப் புத்தகத்தைக் கண்டாள்.

இதிலும் அதிசயம் இருக்கிறது. செத்தாள் என்று நினைத்தவள் உயிரோடு வருகிறாள். ஆனால் அவள் வரும்போது யாரும் கட்டிக்கொள்ள இல்லை. அதன் பிறகும் அவள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தாள். அந்த வாழ்க்கையை, தங்கையின் ஒன்பது பக்கங்களுக்குப் பிறகான ஒரு அக்காவின் சாதாரண நாட்களை, நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஹன்னாவின் நாவல் இவ்வளவு இருட்டாக இருந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மகிழ்ச்சியான முடிவு எனக்கும் பிடிக்கும். ஆனால் தப்பிப் பிழைத்தவள் எதைச் சுமந்துகொண்டு பிழைக்கிறாள் என்ற கேள்வியை அது முதல் பாதியில் எழுப்பிவிட்டு, இரண்டாம் பாதியில் தப்பிப் பிழைத்தவளுக்குத் தொலைந்ததையே திருப்பிக் கொடுத்து அந்தக் கேள்வியை அழித்துவிட்டது.

அக்கா

புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். அவள் மெதுவாகப் படிக்கிறவள். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள்.

“அழுதேன்டி,” என்றாள். “அந்தக் குளிர்ல பிள்ளைகளை வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு பட்ட பாடு.”

நானும் அழுததைச் சொன்னேன். அவள் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஆனா ஒண்ணு கேக்கறேன். அம்மா கதையைச் சொல்லி முடிச்சதும் எல்லாம் சரியாப் போச்சுன்னா, அதுவரைக்கும் மெரிடித் ஓடி ஓடிப் பாத்தாளே, அது யார் கணக்குல? அந்தத் தங்கச்சி வந்து ஒரு வார்த்தை ‘நீ தனியா கஷ்டப்பட்டுட்டே அக்கா’ன்னு உக்காந்து பேசிச்சா? பேசின மாதிரி எனக்கு ஞாபகமே இல்லை.”

எனக்கும் அப்படி மனதில் நிற்கிற ஒரு காட்சி இல்லை. சமாதானம் ஆகிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்கள், பயணம் போகிறார்கள். பராமரிப்பு இல்லத்து வாசலில் தொடங்கிய அந்தப் பேச்சு மட்டும் நடக்கவே இல்லை. நாவலைப் பற்றி நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தது எல்லாம் அக்கா கேட்ட இந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

நான் சாவிசேவ் சகோதரிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். தேதிகளைக் கேட்டபோது ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “அந்த நோட்டு யாரோடதுன்னு சொன்னே?” என்றாள்.

“நீனாவோடது. அக்காவோடது.”

“எழுதினது தங்கச்சி.”

“ஆமா.”

“சரி,” என்றாள். பிறகு, “அடுத்த வாரம் வரியா? அம்மாவோட பீரோவை இன்னும் திறக்கவே இல்லை. தனியா என்னால முடியாது,” என்றாள். இத்தனை வருஷத்தில் அக்கா என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டேன்.